முதல் ஊசியை விட்ட மாப்பிள்ளை

என் அக்காளின் மூத்த மகளைக் கட்டியவர் எலிக்கு ஊசி போடுகிற விஞ்ஞானி. இப்படிச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அத்தை, மருந்து மூளையில எதைப் பிடிக்குதுன்னு கண்டுபிடிக்கறவன்னு சொல்லுங்க" என்பார். குழாய் சரிசெய்ய வந்தவரைக்கூட உட்காரவைத்து இதை விளக்கியவர் அவர். பாவம், அந்த மனிதர் அன்று குழாயைப் பார்க்காமலே போய்விட்டார்.

அவர் வம்சமே அப்படித்தான். சித்தப்பா பஸ் ஓட்டினார். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நிறுத்தங்களில் நிற்காமலே போவார். காலி வண்டியைக் கொண்டுபோய்விட்டு மீசையை முறுக்குவார். அத்தைக்காரி ஒருத்தி தையல்காரி. அளவெடுப்பது தன் கண்ணுக்கு அவமானம் என்பாள். அவள் தைத்த சட்டையைப் போட்டவர்கள் கையைத் தூக்கியதே கிடையாது.

மாப்பிள்ளை ஆராய்ந்தது தூக்கத்தை விரட்டுகிற மருந்து ஒன்றை. அதைக் கொடுத்தால் எலி பேய் பிடித்ததுபோல் கூண்டைச் சுற்றும். மூளையில் எந்தப் புரதத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு மருந்து இந்த ஆட்டம் போடுகிறது என்பதுதான் கேள்வி. உயிரோடு ஓடுகிற எலிக்குள்ளேயே அதைப் பார்க்க வேண்டும். அதற்காக மருந்தில் சின்னக் கொக்கி ஒன்றை மாட்டி ஊசியில் ஏற்றுவார்கள். மருந்து உட்கார்ந்த இடத்தில் கொக்கி இறுகிக்கொள்ளும். பிறகு மூளையை எடுத்து அரைத்துக் கொக்கியைப் பிடித்து இழுத்தால் புரதமும் கூடவே வரும்.

வந்தது. ஒரு புரதம் கொத்தாக வந்தது. மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆய்வுக்கூடத் தலைவர் பதவி அப்போது காலியாக இருந்தது. இந்தக் கண்டுபிடிப்போடு நேர்காணலுக்குப் போனால் நாற்காலி தனக்குத்தான் என்று, கேட்காமலே பித்தளையில் பெயர்ப்பலகை செய்து வாங்கி வந்துவிட்டார்.

கண் ஆபரேஷனுக்காக நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்த சமயம் அது. என் மகளும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒருநாள் அவளும் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் பேச்சு முற்றியது.

"அத்தான், பாதி எலிக்குக் கொக்கியில்லாத மருந்தை முதல்ல நிறையக் கொடுத்துட்டு, அப்புறம் கொக்கி மருந்தைப் போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் என் மகள்.

"எதுக்கு?"

"எதுக்கா? பஸ்ல எல்லா சீட்லயும் ஆள் உக்காந்துட்டா பின்னால வர்றவனுக்கு ஏது இடம்? வெறும் மருந்து இடத்தை அடைச்சப்புறமும் அதே புரதம் கொக்கியில வந்துச்சுன்னா, அது மருந்தோட இடமே இல்ல. சும்மா ஒட்டிக்கிட்டு வர்றது."

"எனக்கே பாடம் நடத்துறியா? அதைச் செய்ய ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள நேர்காணல் முடிஞ்சிடும்."

"தப்பாப் போனா?"

"என் கை தப்பாப் போகாது. அத்தை, நீங்களே சொல்லுங்க."

"உங்க சித்தப்பாவும் நேரத்துக்குத்தான் போனாரு மாப்பிள்ளை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பெருமையாகச் சிரித்துக்கொண்டார்.

நேர்காணலில் படம் படமாகக் காட்டினாராம். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "முதல்ல வெறும் மருந்து குடுத்த எலிங்க எங்க?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். இன்னொரு தரம் குடித்தார். "அவசியம்னு தோணலை" என்றாராம். "செஞ்சு கொண்டாங்க, காத்திருக்கோம்" என்று கதவைக் காட்டிவிட்டார்கள்.

செய்தார், வேறு வழியில்லாமல். வெறும் மருந்தை வயிறு முட்டக் கொடுத்தும் அந்தப் புரதம் முன்போலவே கொத்தாக வந்தது. எந்த மூளையிலும் மலிந்து கிடக்கிற, எதைப் போட்டாலும் ஒட்டுகிற சரக்கு அது. கல்யாண வீட்டில் யார் படம் எடுத்தாலும் ஓரத்தில் வந்து நிற்பாரே என் ஒன்றுவிட்ட கொழுந்தனார், அவரைப்போல. நாற்காலி வேறொருவருக்குப் போனது.

மனிதர் திருந்தினாரா? "அந்தத் தடவை வந்த எலிங்க சரியில்ல அத்தை" என்கிறார் இன்றைக்கும்.

"எலி என்ன பண்ணும்? ஊசி போட்டீங்க, ஓடுச்சு" என்றாள் அவர் பெண்டாட்டி, தலையைக்கூடத் தூக்காமல்.

பித்தளைப் பலகையை அவள் வீணாக்கவில்லை. குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அடியில் செருகி வைத்திருக்கிறாள். நன்றாகத்தான் நிற்கிறது.