கல்லில் ஏறாத கவர்ட்

இங்கிலாந்தில் ஃபர்னஸ் என்ற ஊர்ப் பக்கம் பசு வைத்துப் பிழைத்த ஜேபஸ் கவர்டுக்குத் தன் குடும்பப் பெயர் வெகுகாலம் பாரமாக இருந்ததில்லை. மாடு மேய்ப்பவனைக் குறித்த பழைய சொல் தேய்ந்து கவர்ட் ஆகியிருந்தது. பரம்பரையாக அவர்கள் செய்ததும் அந்த வேலையைத்தான். இங்கிலீஷில் கோழையையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது, போர் வரும்வரை பள்ளிக்கூடக் கேலியோடு நின்றது.

1916இல் அவருடைய ஒரே மகன் வில்ஃப்ரெட்டுக்குப் பதினெட்டு முடிந்தது. ஊருக்குப் பால் வேண்டுமென்று அவனுக்குக் கட்டாயப் பட்டாளச் சேர்ப்பிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். அந்த வாரமே மதுக்கடையில் கொல்லன் ஐசக், "பேருக்கேத்த புள்ளதான்யா" என்றான். கடையே சிரித்தது. ஜேபஸும் சிரித்துவைத்தார்.

வீட்டுக்கு நடக்கையில் வில்ஃப்ரெட் கேட்டான். "நீங்களும் ஏம்ப்பா சிரிச்சீங்க?"

"விளையாட்டுக்குச் சொன்னதுடா. விடு."

அவன் விடவில்லை. பத்தாம் நாள் லங்காஸ்டருக்குப் போய், அம்மா ஹன்னாவின் பிறந்த வீட்டுப் பெயரான அஸ்க்யூவைச் சொல்லிப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். அடுத்த கோடையில் ஃபிளாண்டர்ஸ் போர்க்களச் சேற்றில் செத்தான். உடல் கிடைக்கவில்லை.

போர் முடிந்து, இறந்தவர்களுக்கு ஊரில் நினைவுக்கல் வைக்கக் கூடினார்கள். மகன் பெயரைக் கவர்ட் என்றே வெட்டச் சொல்லி ஜேபஸ் எழுந்தார்.

"பட்டாளத்து ஏட்டுல அஸ்க்யூன்னுதான் இருக்கு, ஜேபஸ்" என்றார் பாதிரியார். "அதுவுமில்லாம, வீரனுங்களுக்கு வைக்கிற கல்லு. அதுல போயி அந்தச் சொல்லு..."

"மாட்டுக்காரன்னு அர்த்தம். உங்களுக்குத் தெரியாதா ஐயா?"

"எனக்குத் தெரியும். படிக்கிறவனுக்குத் தெரியணுமே."

கை தூக்கச் சொன்னபோது ஜேபஸுக்காக உயர்ந்தது ஒரே கை. அது ஐசக்கின் கை. ஜேபஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கல்லில் அஸ்க்யூ என்றே ஏறியது. "எங்கப்பா பேராவது இருக்கே" என்று ஹன்னா தேற்றப் பார்த்தாள். அவர் எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்.

இரண்டு வருடத்தில் அவளும் போனாள். அவள் கல்லறைக்கு, 'ஹன்னா கவர்ட், போரில் இறந்த வில்ஃப்ரெட் கவர்டின் தாய்' என்று எழுதிக் கொடுத்தார். கல்தச்சன் தயங்கினான். "இப்படியேவா வெட்டணும்?"

"ஒரு எழுத்தும் மாத்தாத."

அவன் வெட்டி முடிக்கும்வரை ஜேபஸ் மழையில் பக்கத்திலேயே நின்றார். அவருக்குப் பிறகு அந்த ஊரில் கவர்ட் என்று யாரும் இல்லை.