அந்த வீட்டின் மரத் தாழ்ப்பாள்

2005ஆம் ஆண்டு ஜூலை மாதம். மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊரோ திண்டிவனத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளி. தினமும் மூன்று பஸ் மாறிப் போய்வர முடியாது. ஹாஸ்டலும் கிடையாது. எங்கே தங்குவது என்பதுதான் வீட்டில் ஒரே பேச்சு.

அப்பா வேன் ஓட்டுபவர். சொந்த வண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணம், திருப்பதி என்று பத்து வருஷம் எங்களுக்குச் சோறு போட்ட வண்டி. அந்த வருஷம் இன்ஜின் படுத்துவிட்டது. அப்பா வேறொருவரின் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டு, "பொங்கலுக்குள்ள வேலை பாத்து ரோட்ல எறக்கிடுவேன்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் வாடகைக்குத்தான் இடம் பார்த்தேன். உப்பளத்தை ஒட்டி ஒரு வீடு. புருஷன், பெண்சாதி இருவரும் உப்பள வேலைக்குப் போகிறவர்கள். தனி வாசலோடு ஓர் அறை, வாடகையும் குறைவுதான். ஆனால் வாத்தியாராகப் போகிறவன் உப்பு வாருகிறவர்கள் வீட்டில் குடியிருப்பதா என்று எனக்கு ஒரு திமிர். அதை வெளியே சொல்ல முடியுமா? சாக்குத் தேடினேன். கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் இல்லை, ஒரு மரக்கட்டையைத் தள்ளித்தான் மூட வேண்டும். அது போதும் எனக்கு!

"பூட்டக்கூட முடியாத ரூம்ல எப்படிங்க பொருள் வெக்கிறது? எங்க வேன கொணாந்து நிறுத்தி, அதுலயே தங்கிக்கிறேன்" என்றேன், ஏதோ பங்களாவைக் கொண்டுவரப் போகிறவன் மாதிரி.

அந்த அம்மா கோபப்படவில்லை. "வண்டிய இங்க நிறுத்தாத தம்பி, காத்து தின்னுடும். நான் சொன்னேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றார்.

வாடகை போய்விடுமே என்று கதை அளக்கிறார் என நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். வேன் சும்மாதானே நிற்கிறது, சீட்டைக் கழற்றினால் கட்டில் போடலாம், வாடகை மிச்சம், பொங்கலுக்கு இழுத்து வந்துவிடலாம் என்று அடுக்கினேன். அப்பா பிடரியைச் சொறிந்தார்.

"கடல் காத்தாச்சேடா. வண்டிக்கு எதனா ஆயிடப் போவுது. அங்க யாரயாவது கேட்டியா?"

"கேட்டேம்பா. ஒண்ணும் ஆவாதாம்."

நாக்கூசாமல் சொன்னேன்.

லாரியில் கட்டி இழுத்து வந்து, உப்பு மூட்டை ஏற்றுகிற மேட்டுக்குக் கீழே நிறுத்தினோம். கூடப் படித்தவர்கள் வந்து, "டேய், வீட்டுக்குச் சக்கரம் வெச்சவன் நீ ஒருத்தன்தான்டா" என்று கலாய்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டே மாதத்தில் கட்டில் விரிப்பில் காலையில் பழுப்புத் தூள் உதிர்ந்து கிடக்க ஆரம்பித்தது. பெருக்கித் தள்ளிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவேன்.

ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் அடித்தது. உப்பளமெல்லாம் நிரம்பி, வண்டியைச் சுற்றி உப்புத் தண்ணீர். ஒருநாள் காலையில் எழுந்தால் தரைத் தகடு வழியாக உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். கதவுகளைத் திறக்கிறேன், ஒன்றும் அசையவே இல்லை. ஏற்கெனவே துருவேறியிருந்தவை ஊறி இறுகிவிட்டன, ஜன்னலிலோ பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போட்ட கம்பி. உதைத்தேன், கத்தினேன். பால் வாங்கப் போன அந்த உப்பள வீட்டு அம்மாவுக்குத்தான் என் குரல் கேட்டிருக்கிறது. புருஷனைக் கூட்டிவந்தார். அவர் உப்பு வாருகிற மரப்பலகையால் பின்கண்ணாடியை உடைத்து என்னை வெளியே இழுத்தார்.

அவர்கள் வீட்டில் உடுத்திக்கொள்ள லுங்கியும் சூடாக டீயும் கொடுத்தார்கள். அந்த அம்மா கதவைச் சாத்தினார். மழையில் ஊறியும் மரத் தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "இங்க இரும்பு ஒரு வருசம்கூட நிக்காது தம்பி. அதான் எல்லாம் மரம்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் அப்பா வந்தார். வேன் படிக்கட்டில் கை வைத்தார், அப்பளம்போல நொறுங்கியது. முன்பக்கம் திறந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார். அந்த அம்மா பக்கத்தில் வந்து, "அப்பவே தம்பிகிட்ட சொல்லி அனுப்பினேனேங்க. சொல்லலியா?" என்று கேட்டார்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொன்னான்மா. நாந்தான் கேக்கல" என்றார் அப்பா.

வண்டி பழைய இரும்புக்குப் போனது. அப்பா கடைசிவரை அடுத்தவர் வண்டிதான் ஓட்டினார். மீதிப் படிப்பை நான் அந்த மரத் தாழ்ப்பாள் போட்ட அறையிலேயே முடித்தேன். அவர்களும் சரி, அப்பாவும் சரி, ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. "இல்லம்மா, நான் சொல்லல" என்று நான் அன்றே சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. வண்டி போனதைவிட, அப்பா பக்கத்தில் நின்றபோது அந்த மூன்று வார்த்தைக்கு எனக்கு வாய் வராமல் போனதுதான் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.