ஒரு மக்காவும் ஒரு ஏத்தன் குலையும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், சட்டென்று சொல்லி முடிக்கிற மாதிரி ஒரு பெயர் என் வேலைக்கு இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்றால் நாகர்கோவிலில் பாதிப் பேர் "பிசியோவா?" என்பார்கள். மீதிப் பேர் நான் வேலை வாங்கிக் கொடுக்கிறவள் என்று நினைத்து, தங்கை மகன் என்ன படித்திருக்கிறான் என்று சொல்லத் தொடங்குவார்கள். நான் செய்வது இதுதான். நோயிலோ விபத்திலோ கை கால் முடங்கிப்போனவர்களை, மறுபடியும் தாங்களாகவே பல் தேய்க்கவும் சட்டை போடவும் சோறு பிசைந்து உண்ணவும், முடிந்தால் பழைய தொழிலுக்கே திரும்பிப் போகவும் பழக்குகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இதற்கு நான் ஒருத்திதான். காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, அப்புறம் வார்டு, மத்தியானம் குழந்தைகள் அறை, சாயங்காலம் பயிற்சி அறை, சனிக்கிழமைகளில் நோயாளிகளின் வீடுகள் என்று எல்லா இடத்திலும் நானேதான் நிற்பேன். குழந்தைகளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து யாரோ ஒருநாள் "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது. திருத்தித் திருத்தி எனக்குத்தான் அலுத்துப்போனது.

அந்தப் பழக்கடைக்காரரை முதலில் பார்த்தது தீவிர சிகிச்சைப் பிரிவில். வடசேரிச் சந்தையில் வாழைப்பழக் கடை வைத்திருந்தவர். ஒரு விடியற்காலையில் குலைகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து விழுந்திருக்கிறார். வலது கையும் காலும் அசையவில்லை. நான் அவருடைய தோளுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, விரல்கள் இறுகிப்போகாமல் இருக்கப் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மக்கா" என்றார். அவ்வளவு தெளிவாக.

"தண்ணி வேணுமா அண்ணாச்சி?" என்றேன். "மக்கா." "கை வலிக்குதா?" "மக்கா." அவர் கண்ணில் ஒரு மிரட்சி தெரிந்தது. சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று சொல்லக்கூடாதுதான். சேலம் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் அண்ணாச்சியின் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி முழுக்கப் பிள்ளைங்களைத்தான் கேக்கறார். மக்கா மக்கான்னு ஒரே புலம்பல். இன்னும் ஏன் அவங்களை வரச் சொல்லலை?"

கையில் பால் பாத்திரத்தோடு நின்ற அந்த அக்காவின் முகம் வாடிப்போனது. "எங்களுக்குப் பிள்ளையள் இல்ல டாக்டர்" என்றார்.

நான் இடையில் புகுந்தேன். "டாக்டர், இந்த ஊர்ல மக்கான்னா பிள்ளைங்கன்னு அர்த்தமில்லை. கூடப் படிச்சவன் மக்கா, பஸ் கண்டக்டர் மக்கா, நீங்களும் மக்காதான்." டாக்டர் திருதிருவென்று விழித்தார். அந்த அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடைக்கு வாறவிய, லோடு இறக்குதவிய, எல்லாரும் அவியளுக்கு மக்காதான் டாக்டர். என்னைய மட்டுந்தான் ஏட்டிம்பாவ" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

ஏட்டி என்றால் அடியே. வெளியூர்க்காரர்களுக்கு அது வசவு மாதிரிக் கேட்கும். அது சொல்கிறவரைப் பொறுத்தது. சண்டைக்கும் அதுதான், ஆசைக்கும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒருநாள் திருவனந்தபுரத்திலிருந்து வருவார். அவர் பரிசோதித்துவிட்டு எங்களுக்கு விளக்கினார். பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும். நாம் பேசுவது அவர்களுக்குப் புரியும். ஆனால் அவர்கள் எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அந்தச் சொல்தான் வெளியே வரும். ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதுகூட முதலில் குழம்பிப்போகும், பிறகு தெளியும். போகப் போக வேறு சில ஒலிகள் வரலாம், வராமலும் போகலாம்.

மிஞ்சிய சொல் மக்காவாக இருந்தது அவர் அதிர்ஷ்டம் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் ஊர்ப் பேச்சைப் பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள் இல்லையா, அந்த ராகம் அவருக்குக் கைகொடுத்தது. கெஞ்சுவதற்கு ஒரு மக்கா, வேண்டாம் என்பதற்கு ஒரு மக்கா, "போதும், நிறுத்து" என்று என்னைத் திட்டுவதற்கு ஒரு மக்கா. வார்டைப் பெருக்க வருகிற பெண்ணும் அவரும் அரைமணி நேரம் கதை பேசுவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே தெரியாது.

எனக்குத் தலைவலி கொடுத்தது மனைவிதான். நான் ஒன்றைப் பழக்கிவிட்டு நகர்ந்தால் போதும், அந்த அக்கா வந்து அதைத் தானே செய்துவிடுவார். இடது கையால் தலை சீவச் சொல்லிக்கொடுப்பேன். திரும்பிப் பார்த்தால் அவர் சீவிவிட்டுக்கொண்டிருப்பார். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போடக் காட்டுவேன். அவர் கழுத்துவரை போட்டு முடித்திருப்பார். எனக்குப் பொறுமை குறைவு. இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது என்று என் வீட்டில் சொல்வார்கள். ஒருநாள் அண்ணாச்சி சிரமப்பட்டு இடது கையால் கஞ்சியை ஸ்பூனில் அள்ளி வாய்ப்பக்கம் கொண்டுபோனார். பாதி வழியில் அந்த அக்கா ஸ்பூனைப் பிடுங்கி ஊட்டிவிட்டார். நான் வார்டு என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"இருக்கிற ஒரு கையையும் நீங்களே முடக்கிப் போட்டிருங்க அக்கா! இப்படி ஊட்டிக்கிட்டே இருந்தா அண்ணாச்சி கடைக்குப் போன மாதிரிதான்."

அந்த அக்கா எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். வராந்தாவில் கை கழுவுகிற இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"டீச்சர், அவிய எங்கிட்ட மட்டும் பேசமாட்டேங்காவ. கண்டியளா?"

"அவருக்குத்தான் பேச்சே வரலியே அக்கா."

"உங்ககிட்ட மக்கான்னு விளிக்காவ. வார்டு பெருக்குதவகிட்ட விளிக்காவ. ஜன்னல்ல வாற காக்காயைக்கூட மக்காங்காவ. நான் பக்கத்துல போனா மட்டும் வாயை இறுக்கி மூடிக்கிடுதாவ."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

அந்த அக்கா திற்பரப்புப் பக்கம் பிறந்தவர். அழும்போது அந்த ஊர்ப் பேச்சு இன்னும் கூடி வந்தது. அண்ணாச்சி விழுவதற்கு முந்தின நாள் ஆரல்வாய்மொழியில் தங்கை மகளின் கல்யாணம். இவர் சேலை கட்டிப் பூ வைத்துக் காத்திருக்க, லோடு வருகிறது, நீ மட்டும் போய்விட்டு வா என்று அண்ணாச்சி கடைசி நேரத்தில் சொல்லியிருக்கிறார். தனியாகப் போய் நின்றால் எல்லாரும் என்ன கேட்பார்கள், எப்படிப் பார்ப்பார்கள் என்பது இவருக்குத் தெரியும். இவர் போகவில்லை.

"ஆத்திரத்துல சொல்லிப்போட்டேன் டீச்சர், 'இனி எங்கிட்ட பேசாண்டாம்'னு. விடியக்காலம் எழும்பி ஒரு வார்த்தை சொல்லாம இறங்கிப் போனாவ. பின்ன ஆஸ்பத்திரியிலதான் பாத்தேன். எனக்க வாயால சொன்னதை அவிய பிடிச்சிக்கிட்டு இருக்காவ."

இது மூளையில் வந்த நோய், கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மூளைக்கு நான் மட்டும் வேற ஆளாத் தெரியுமா டீச்சர்?"

நான் குழாயை மூடினேன்.

"கை வராட்டியும் போட்டும். கடை போனாலும் போட்டும். எங்கிட்ட கோவம் இல்லேன்னு தெரிஞ்சா மதி, அது போதும்" என்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அந்த ஊட்டலும் சீவலும் பொத்தான் போடுதலும் எதற்காக என்று. அவரை நான் அதற்குப் பிறகு திட்டவில்லை. உள்ளே போய் அண்ணாச்சியிடமே கேட்டேன், "அக்கா மேல கோவமா?" அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "மக்கா! மக்கா!" என்று தலையை ஆட்டினார். ஆமாவா, இல்லையா? எத்தனை ராகம் தெரிந்து என்ன பயன்!

வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பயிற்சி அறைக்கு இரண்டு பேரும் ஆட்டோவில் வந்துபோனார்கள். என்னிடமிருந்த பிளாஸ்டிக் வளையங்களையும் மரக்கட்டைகளையும் அண்ணாச்சி சீண்டவே இல்லை. உனக்கு வேறு வேலை இல்லையா என்கிற மாதிரி ஒரு மக்கா சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். கடைசியில் அந்த அக்காவிடம், கடையிலிருந்து ஒரு ஏத்தன் குலையும் குலை வெட்டுகிற கத்தியும் கொண்டுவரச் சொன்னேன். வெளியூரில் நேந்திரம் என்பார்களே, அந்தப் பழம். தோளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக மேலே மாட்டியிருந்த கப்பியில் கயிற்றைக் கட்டிக் குலையைத் தொங்கவிட்டோம். பிசியோதெரபிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "கடை திறந்தாச்சா?" என்றார். ஒரு சீப்பு தருகிறோம், பேசாமல் இருங்கள் என்றேன்.

குலையைப் பார்த்ததும் அண்ணாச்சி ஆள் மாறிவிட்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் ஒரு காயைத் தட்டிப் பார்த்தார், மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். கத்தியைக் கையில் கொடுத்தேன். சீப்பின் அடியில் கத்தியை வைத்து அழுத்தினால் குலை சுற்றிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு கை இருந்தால் தண்டைப் பிடித்துக்கொள்ளலாம். "அக்கா, நீங்க தண்டை மட்டும் பிடிங்க. வேற ஒண்ணும் செய்யக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் பிடித்தார். அண்ணாச்சி மறுபடியும் கத்தியை வைத்தார். அந்த அக்காவின் விரல் கத்திக்கு மிக அருகில் இருந்தது. அண்ணாச்சியின் கை நின்றது. முகமெல்லாம் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, "ஏ..." என்றார்.

நான் துள்ளிக் குதித்தேன். புதிய ஒலி! அதுவும் எதிரில் ஏத்தன் குலை தொங்கும்போது! "ஏத்தன்! ஏத்தன்தான் அண்ணாச்சி! சொல்லுங்க, ஏத்... ஏத்தன்!" என்று கை தட்டினேன். பிசியோதெரபிக்காரரைக் கூப்பிட்டேன். திருவனந்தபுரத்துக்கு போன் போட வேண்டும் என்றேன்.

அண்ணாச்சி கத்தியை மேசையில் பொத்தென்று வைத்தார். "மக்கா!" என்று என்னை ஒரு அதட்டு அதட்டினார். அது இல்லை என்பது எனக்கே புரிகிற மாதிரி இருந்தது அந்த மக்கா. பிறகு இடது கையை நீட்டி மனைவியைக் காட்டினார். "ஏ..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. உதடுகள் 'ம' சொல்லக் கூடிவந்தன. உடனே அவர் அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

எனக்கு முன்னால் அந்த அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "என்னையவா? என்னையவா விளிச்சிய?" என்றார். அண்ணாச்சி வாயைப் பொத்தியபடியே ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

வாயைத் திறந்தால் மக்காதான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஊரைக் கூப்பிட அது போதும். இவரைக் கூப்பிட அவரிடம் இருந்தது வேறு சொல். அது வரவில்லை. ஊருக்குக் கொடுத்ததை இவருக்குக் கொடுக்க மனம் வராமல்தான் அத்தனை நாளும் வாயை இறுக்கி மூடியிருந்திருக்கிறார். அந்த மூளைக்கு அந்த அக்கா வேறு ஆளாகத்தான் தெரிந்திருக்கிறார். 

"அப்பம் எங்கிட்ட கோவம் ஒண்ணும் இல்லியா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"பின்ன மக்கான்னே விளிச்சிருக்கலாமே. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? இப்பம் விளியுங்க. எனக்கு அது மதி."

அதற்கும் மாட்டேன் என்று தலையசைத்தார். பிடிவாதமாக. அந்த அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம், "ஏ" என்றார். சரியாக அங்கேயே வாயை மூடிக்கொண்டார்.

"ஆங், என்ன?" என்றார் அந்த அக்கா, அடுக்களையிலிருந்து கேட்பதுபோல.

'ட்டி' கடைசிவரை வரவில்லை. திருவனந்தபுரத்துக்காரரும் முயன்று பார்த்தார். கை கொஞ்சம் தேறியது, கால் நன்றாகத் தேறியது. நான் ஒரு சனிக்கிழமை சந்தைக்குப் போய், குலை தொங்கும் கொக்கியை அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி மாற்றி வைத்துக் கொடுத்தேன். அந்த அக்காவும் கடையில் கூடவே இருக்கத் தொடங்கினார்.

போன வாரம் மட்டிப்பழம் வாங்க வடசேரிக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். "மக்கா!" என்று என்னை வரவேற்று, உட்கார ஸ்டூலைக் காட்டினார். மட்டியை எடுத்துத் தர உட்பக்கம் திரும்பி, "ஏ!" என்றார். பதில் இல்லை. "ஏ...!" என்று இன்னும் நீட்டினார்.

கையில் சாயா டம்ளரோடு உள்ளேயிருந்து வந்தார் அந்த அக்கா. என்னைக்கூடக் கவனிக்கவில்லை. "வாறேன், வாறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் விளிப்பிய? ஒரு வாய் சாயா குடிக்க விடமாட்டியளா?" என்று அவரைப் பார்த்து எரிந்து விழுந்தார்.