கிட்னிக்கு மேல் ஒரு தொப்பி

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கணவருக்கு ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகே போனை எடுத்தேன். டாக்டர் அலமேலு மாரடைப்பில் போய்விட்டார் என்று மருத்துவமனை நர்ஸ் எழுதியிருந்தார். உடலை மதியம்வரை மாட்டுங்கா வீட்டில் வைத்திருப்பார்களாம். நாங்கள் இருக்கும் செம்பூரிலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. ஆனால் கணவருக்கு உடம்பு லேசாகச் சுட்டது. நான் போகவில்லை.

டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இந்த அஞ்சலிப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். கணவர் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து தீவிர சிகிச்சையில் கிடந்தபோது அவர் வாயில் நுரை தள்ளியது; நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். "தலையிலதான அடி? நெஞ்சுல எப்படித் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டான் என் கொழுந்தன் முருகன்.

"மூளை அலறித்துன்னா உடம்பு பூரா கேக்கும்ப்பா. அந்த அதிர்ச்சியில ரத்தக்குழாயெல்லாம் இறுகி, நுரையீரல்ல நீர் கசியறது" என்றார் டாக்டர்.

நுரையீரல் தேறியது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறவே இல்லை. "கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. ஜுரமோ ஆபத்தோ வந்தா உடம்பைத் தாங்கிப் பிடிக்கறது அதுதான். மூளைலேருந்து அதுக்கு ஆர்டர் வரலை" என்றார் டாக்டர்.

முருகன் காதில் முதல் வார்த்தை மட்டுமே விழுந்தது. சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். "என் கிட்னிய எடுத்துக்கிடுங்க டாக்டரம்மா!"

"உன் கிட்னி உன்கிட்டயே இருக்கட்டும். எனக்குத் தொப்பிதான் வேணும். அது மாத்திரையாவே கிடைக்கறது."

அந்த இடத்திலும் சிரித்தோம்.

கணவரின் உடலுக்கு ஆபத்தை உணர்ந்து எழத் தெரியாது. அவருக்காக நான்தான் பயப்பட வேண்டும். காய்ச்சல் என்றால் ஸ்டீராய்டு மாத்திரை இரட்டிப்பு. வாந்தி என்றால் உடனே ஊசி. தாமதித்தால் உயிர் போய்விடும். வீட்டில் எல்லோரும் "மதினி பாத்துக்கிடுவாங்க" என்று விட்டுவிட்டார்கள். வீடு பூட்டியே இருந்ததில்லை. நான்தான் அவரை விட்டுத் தனியாக வாசலைத் தாண்டியதில்லை.

ஒருமுறை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முருகனைப் பிடித்துக்கொண்டார். "ஊசி போடக் கத்துக்கோயேன்."

"ஊசின்னாலே எனக்குத் தலை சுத்தும் டாக்டரம்மா."

"கிட்னியே தரேன்னவன், ஒரு ஊசிக்குப் பயப்படறியா?"

அவன் டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவினான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இப்படியே போனா நீதான் அவரோட சுரப்பி. சுரப்பிக்கு லீவு கிடையாதும்மா."

பகல் முழுக்க வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் ஏறவில்லை. அதற்குள் மாட்டுங்காவில் எல்லாம் முடிந்திருந்தது.

டாக்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "கிட்னியே தரேன்னவன்" என்ற அந்தக் கேலியைத்தான். முருகன் அடுத்த முறை பாண்டுப்பிலிருந்து வரும்போது அதையே சொல்லி, ஊசியை அவன் கையில் கொடுப்பேன். அவன் கை நடுங்காமல் போடக் கற்றதும், ஒரு வாரம் நான் மட்டும் எங்காவது போய் இருந்துவிட்டு வருவேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவதால் தெரிந்துவிடுமே என்ற கவலையும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், படித்ததெல்லாம் மராத்தியில்; தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.