ஏறும்போது மட்டும்

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. வீடு மலைமேல் வெள்ளக்கடையில், பள்ளி கீழே சேலத்தில். தினமும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தபோது வளைவு சேரவில்லை என்றுதான் நினைத்தேன். மலைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினேன்.

நான் நாலாவதோடு நின்றவன். பதினாலு வயதில் எஸ்டேட்டில் மூட்டை தூக்க வந்து, இன்று சொந்தமாக ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இப்படி மேலே வந்தவன் வேறு யாருமில்லை.

யாழினி சாப்பாட்டைக் குறைத்தாள். யூனிஃபார்ம் தொளதொளத்தது.

“ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாங்க” என்றாள் மனைவி.

“ஒரு வாந்திக்கா? இதே வளைவுல மூட்டையோட நடந்தவன் நான்.”

யாழினி பஸ்ஸில் மயங்கி விழுந்த பிறகுதான் போனோம். வயிற்றில் ஒன்றுமில்லை என்று மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அதை நினைத்தாலும் கூசுகிறது.

“வாந்தி எப்பம்மா வருது?” என்றார் டாக்டரம்மா.

“போக, வர, ரெண்டு நேரமுங்க” என்றேன் நான்.

“நீங்க பேசாம இருங்க. பாப்பா சொல்லட்டும்.”

யாழினி தரையைப் பார்த்துச் சொன்னாள். “ஏறும்போது மட்டுங்க. மேல ஸ்டாப்புல அப்பா நிப்பாருங்க. மொதல்ல மார்க்கு கேப்பாரு. அப்புறம் மூட்டைக் கதை. எனக்கு நொம்ப நல்லா மனப்பாடங்க, சொல்லட்டுங்களா?” என் குரலிலேயே ஆரம்பித்தாள். “பதினாலு வயசுல, காலுல செருப்பில்லாம...”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வழியில் அவளுக்கு வேண்டுமே என்று சட்டைப் பையில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நான் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

பதற்ற நோய் (மனதின் பயம் வாந்தி, படபடப்பு என்று உடம்பில் வெளிப்படுவது) என்றார்கள். மாத்திரை கொஞ்சம், பேச்சு சிகிச்சை வாராவாரம்.

“கொஞ்ச நாள் ஹாஸ்டல்ல இருக்கறனுங்கப்பா” என்றாள். வீடு வேண்டாம் என்கிறாள், என்னால். சரி என்றேன். மூன்று மாதம் அவள் மலை ஏறவில்லை.

ஒரு வாரம் பேச்சு சிகிச்சைக்கு அவளோடு என்னையும் கூப்பிட்டார்கள். “மூட்டை தூக்கின மொத நாள் என்ன ஆச்சு?” என்று கேட்டார் டாக்டரம்மா. அதுவரை யாரும் கேட்டதில்லை.

“ஓடிப் போயிட்டனுங்க. மூணு நாள் ஊட்டுல படுத்துக் கெடந்தேன். எங்கப்பன் ஒரு வார்த்தை கேக்கல. சோத்த வச்சுட்டுப் போனாரு.”

யாழினி திரும்பினாள். “இது கதையில இல்லீங்களேப்பா?”

“இல்ல கண்ணு.”

உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் வளைவின் மேல் பழி போடாதீர்கள். எந்தப் பக்கம் போகும்போது வருகிறது என்று கேளுங்கள்.

போன சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். நான் ஸ்டாப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பஸ் ஏறும் இருபது வளைவையும் ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒரு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். யாழினியின் முகம் வெளுத்திருந்தது.

“வாந்தி ஒரே ஒரு தடவைதாம்ப்பா.”

மார்க்கு கேட்பதற்கு வாய் வரை வந்தது. சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனேன்.