தோட்டத்து டிராக்டரின் கைப்பிடி

போன வாரம் எலும்பு டாக்டரிடம் போயிருந்தேன். "உள்ளங்கை மேல வர்ற மாதிரி திருப்புங்க" என்றார். இந்த வயதிலும் கை நன்றாகவே திரும்பியது. டாக்டருக்குத் திருப்தி. எனக்குத்தான் கோவிந்தன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை.

அறுபதுகளில் நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்டரிடம் பிட்டராக இருந்தேன். குவார்ட்டர்ஸ் தெருக்களில் மரக்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றுவது அவர் எடுத்திருந்த வேலை. ஊரே அப்போது செம்மண் புழுதி. காலையில் வெள்ளைச் சட்டையோடு கிளம்புகிறவன் சாயங்காலம் காவிச் சட்டையோடு திரும்புவான். அது தெரிந்தும் தினமும் வெள்ளையே போட்டுக்கொண்டு போனவன் நான். ஐ.டி.ஐ. படித்த திமிர்.

தண்ணீர் வண்டியை இழுக்க ஒரு பழைய தோட்டத்து டிராக்டர் இருந்தது. அதை ஓட்டியவர் கோவிந்தன் அண்ணன். கம்மாபுரம் பக்கம் ஒரு சின்னக் கிராமம் அவருக்கு. சீசனில் முந்திரிக்கொட்டையைச் சுட்டு எடுத்து வருவார். அந்தக் கருகல் வாசனை அவர் துண்டிலேயே இருக்கும். என் பங்கைத் தனியாக முடிந்து வைத்திருப்பார்.

டிராக்டரின் பெட்ரோல் இன்ஜின் ஒருநாள் ஒரேயடியாக நின்றுபோனது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் காண்ட்ராக்டர். "டீசல் இன்ஜின் ஒண்ணு கிடைச்சா மாட்டிடலாங்க" என்று நான் வாயை விட்டேன். சேத்தியாத்தோப்பில் ஒரு விவசாயி கழித்துப்போட்ட பம்ப்செட் இன்ஜின் வந்து சேர்ந்தது. நானும் அண்ணனும் மூன்று வாரம் அதனோடு மல்லுக்கட்டினோம். சட்டத்தை வெட்டி, ஆங்கிள் இரும்பு வைத்து உட்கார வைத்தால், முன்னால் செருகிக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற கைப்பிடி முன்கம்பியில் இடித்தது. அதை வெட்டிக் குழாய் வைத்து நீட்டி, இன்ஜினைக் கவ்வுகிற வாய்ப்பக்கத்தைப் புதிதாக அராவினேன்.

அந்த வாயில் ஒரு சாய்வு வேண்டும். இன்ஜின் பிடித்ததும் கைப்பிடி தானே கழன்று வர வேண்டும். என் அவசரத்தில் சாய்வு போதவில்லை. சோதித்தபோது இரண்டு தடவை கழலாமல் இன்ஜினோடு சேர்ந்து சுற்றியது. கையை உதறித் தப்பித்தேன். திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலை காண்ட்ராக்டர் பார்க்க வருகிறாரே!

வந்தார். வண்டிக்கு மாலையெல்லாம் போட்டிருந்தேன். "நீங்களே சுத்துங்கண்ணே" என்றேன். மரியாதைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கைப்பிடியைப் பிடிக்க எனக்குப் பயம், அதுதான் நிஜம்.

இன்ஜின் பிடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தோம்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் காண்ட்ராக்டர்.

"கைய எடுக்க லேட் பண்ணிட்டாருங்க."

என் வாயிலிருந்துதான் அது வந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி நான் பின்தங்கினேன். ஷெட்டில் யாரும் இல்லை. கைப்பிடியை வைஸ் இடுக்கியில் மாட்டி, சாய்வைச் சரியாக அராவினேன். கால் மணி நேர வேலை. பிறகு வந்து பார்த்தவர்களுக்கு அது அழகாகக் கழன்று வந்தது.

எலும்பு கோணலாகக் கூடி, அவர் உள்ளங்கை மேலே திரும்பவேயில்லை. காண்ட்ராக்டர் வேறு டிரைவரை வைத்துக்கொண்டார். எனக்கோ அந்த டிராக்டரைக் காட்டித்தான் வேறோர் ஒர்க்‌ஷாப்பில் பர்மனென்ட் வேலை கிடைத்தது.

இரண்டு வருஷம் கழித்து சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டார்.

"நல்லா கீறியா தம்பி? வண்டி ஓடிகினு இருக்குதா?"

"ஓடுதுண்ணே."

"நாந்தாம்பா கைய சட்டுனு எடுக்கல. ஒம்மேல பழி வந்துடப் போவுதேன்னுதான் ஆஸ்பத்திரில ஒரே நெனப்பு எனக்கு."

சொல்லிவிட வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. "ஒரு நாளு வூட்டுக்கு வா" என்றார். வருகிறேன் என்றேன்.

போனேன், ரிடையர் ஆன பிறகு. அவர் கிராமத்துக்குப் போகிற ரோடு பாதியிலேயே ஒரு கம்பிவேலியில் முடிந்தது. அந்தப் பக்கம் விரிந்து வந்துவிட்ட நிலக்கரிச் சுரங்கம். அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள் என்றார் காவலாளி. கோயில், குளம், தோப்பு, தெரு எதுவும் இல்லை, ஒரே பள்ளம். அதில் எந்த இடம் அவர் வீடு என்றுகூட எனக்குத் தெரியவில்லை.