கடல் தாண்டிப் போன பிராக்கெட்

நாற்பத்தொரு வயதில், தனிக்கட்டையாக, பகுதி நேர இயந்திரப் பொறியியல் படிக்கப் போனேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் என்னை விரிவுரையாளர் என்று நினைத்து இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்ததும் சிரிப்பு. அதன் பிறகு யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. மரியாதைதான். மரியாதை மாதிரி மனிதனைத் தனியே உட்கார வைப்பது வேறெதுவும் இல்லை.

ஃபைனைட் எலிமெண்ட் பாடத்தில் ஏற்கனவே ஒருமுறை தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பிறகு தொழிற்சாலையில் டெக்னீஷியனாகவே தலை நரைக்கலாம், பாதி நரைத்தாகிவிட்டது.

பாடத்தின் சாரம் இதுதான்: ஓர் இரும்பு எவ்வளவு வளையும் என்று அறிய, அதைக் கணினியில் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங்காகப் பாவித்து, கணுக்களில் கோத்துக் கணக்குப் போட வேண்டும். இடுபணியை இருவர் இருவராகச் செய்யச் சொன்னார்கள். வகுப்பில் இருபத்தொன்பது பேர். மிச்சம் யார் என்று விரிவுரையாளர் கேட்டபோது நான் கை தூக்கவே தேவைப்படவில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின.

ஏர்கான் தாங்கும் பிராக்கெட்டை எடுத்துக்கொண்டேன். ஓய்வு நாள்களில் எங்கள் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில் அதை நூற்றுக்கணக்கில் மாட்டியவன் நான். எனக்கா தெரியாது? சனிக்கிழமை காலையிலிருந்து வீட்டில் உட்கார்ந்து வரைந்தேன், துண்டாக்கினேன், ஏர்கானின் எடையை ஏற்றினேன். விடை வந்தது: பிராக்கெட் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் நகர்ந்திருந்தது. ஜெலுத்தோங்கில் மாட்டினால் கடல் தாண்டி எதிர்க்கரையின் உள்ளே தாசேக் கெலுகோரில் போய் இறங்கும். எடையைக் குறைத்தேன். எதிர்க்கரை ஏறியதும் பட்டர்வொர்த்தோடு நின்றது.

வாட்ஸ்அப் குழுவில் எண்ணைத் தேடி, முன் வரிசைப் பெண் ஒருத்திக்குச் செய்தி எழுதினேன். மூன்று முறை அழித்து எழுதிய செய்தி. அவளே அழைத்தாள்.

"அண்ணே, சப்போர்ட் எங்க போட்டீங்க?"

"அது சுவத்துல இருக்குலா."

"எந்தச் சுவரு?"

"வீட்டுச் சுவருதான். பிராக்கெட்டுன்னா சுவத்துலதானே இருக்கும்?"

"அண்ணே, கம்ப்யூட்டருக்கு உங்க வீட்டுச் சுவரு தெரியாதுலா! நீங்க எதையும் பிடிச்சு வைக்கல. அது அந்தரத்துல நிக்குது, தொட்டாலே பறந்துரும்."

ட்ரில் பிடித்துப் பழகிய கைக்கு அது தோன்றவே இல்லை. நன்றி சொன்னேன். போனை வைக்க மனமில்லை. "சாப்ட்டியாம்மா?" என்றேன்.

"அண்ணே, மத்தியானம் மணி மூணரை ஆச்சு."

வைத்துவிட்டாள். கணினியில் போல்ட் துளைகள் இரண்டையும் அசையாமல் கட்டினேன். நகர்வு அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இடுபணிக்கான நேர்முகத் தேர்வு. சப்போர்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விரிவுரையாளர் கேட்டார். கணக்கின் மெட்ரிக்ஸைத் தீர்க்க முடியாது என்று பிள்ளைகள் புத்தகத்தில் உள்ளபடி ஒப்பித்தார்களாம். நான் என் பிராக்கெட்டின் கடல் பயணத்தைச் சொன்னேன். துண்டுகளுக்கு ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று தெரியும், உலகத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது, அதை நாம்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். அங்கேயே தேர்ச்சி என்று சொல்லிவிட்டார்.

மோட்டார்சைக்கிள் பக்கத்தில் நின்று யாரிடம் சொல்லலாம் என்று கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஏர்கான் வாடிக்கையாளர்கள், சூப்பர்வைசர், கேஸ் சிலிண்டர் கடை. அந்தப் பெண்ணுக்கு "பாஸ்" என்று அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்குப் போனேன்.

"பாஸாயிட்டேன் அண்ணே," என்றேன், சோறு போடுகிறவரிடம்.

"என்னது, லோரி லைசனா?"

"இஞ்சினியர் படிப்புல ஒரு பேப்பரு."

"அடேயப்பா! அப்ப பெரிய கோழியா வைக்கிறேன். எத்தன பேரு?"

"ஒருத்தன்தான்."

இருவர் மேசையில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பிடித்தபடி ஒருவர், "காலிதானே?" என்றார். காலிதான் என்றேன். அவர் அதைத் தூக்கிக்கொண்டு தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தார். கோழி நிஜமாகவே பெரிது. முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.